கிரீன்லாந்து சுறாவும் பஞ்சவர்ணக்கிளியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நீண்ட ஆயுள் கொண்ட விலங்குகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான குறிப்பில், வட அட்லாண்டிக்கின் ஆழத்தில் வாழும் கிரீன்லாந்து சுறாவையும், நடு அமெரிக்க, தென் அமெரிக்க மழைக்காடுகளில் வாழும் சிவப்பு மக்காவ் என்னும் பஞ்சவர்ணக்கிளியையும் ஒரே பத்தியில் சேர்த்து எழுதியிருந்தோம். அவ்விரண்டையும் ஒப்பிட்டுக் கேட்டு வந்த கடிதங்கள் இம்முறை மிகுதி. ஆகையால் இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி: கிளிகள் நூறு ஆண்டுக்கு மேல் வாழும் என்று சிறு வயது முதல் கேட்டு வந்திருக்கிறேன். இந்தச் சுறா நானூறு ஆண்டு வாழக்கூடும் என்று எழுதியிருந்தீர்கள். இவற்றுள் எதை நம்புவது? கடலுக்கடியில் பிறந்த மீனின் பிறந்த ஆண்டை யார் குறித்து வைத்தார்கள்?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: இரண்டின் வயதும் வெவ்வேறு வழிகளில் தெரிய வருவதால், அவற்றைத் தனித்தனியாகவே எடைபோட வேண்டும். கிளியின் வயதுக்குச் சான்று பெரும்பாலும் பதிவேடுதான். மக்காவ் குஞ்சின் கருவிழி முதலில் கருமையாக இருந்து, பிறகு சாம்பல் நிறமாகி, சில ஆண்டுகளில் வெளிர் மஞ்சளாக மாறி நின்றுவிடும். அதன் பிறகு அந்தப் பறவைக்குப் பத்து வயதா நாற்பது வயதா என்பதை வெறுமனே பார்த்துச் சொல்வது இயலாத காரியம். அதனால்தான் நூறு வயதுக் கிளிகளைப் பற்றிய கதைகளுக்குப் பஞ்சமில்லை, அவற்றுக்கான ஆதாரத்துக்குத்தான் பஞ்சம். ஐயத்துக்கு இடமின்றி வயது பதிவான கிளிகளில் மிக மூத்தது, அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு அருகேயுள்ள புரூக்ஃபீல்டு விலங்குக்காட்சிச் சாலையில் வாழ்ந்த 'குக்கி' என்ற காக்கட்டூ. 1933-ல் பொரித்த அது, 2016-ல் தன் 83-ஆம் வயதில் இறந்தது. காக்கட்டூவும் கிளி இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் இத்தகைய சாதனை வயதுகளைக் கொண்டு ஓர் இனத்தின் ஆயுளை மதிப்பிடுவது சரியாகாது. 2022-ல் வெளியான ஓர் ஆய்வு, உலகெங்கும் உள்ள விலங்குக்காட்சிச் சாலைகளின் 1,30,000-க்கும் மேற்பட்ட கிளிப் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்து, சிவப்பு மக்காவின் சராசரி ஆயுள் சுமார் 30 ஆண்டுகள் என்று கணித்தது. ஒரு கிலோ எடையுள்ள பறவைக்கு இதுவே மிக நீண்ட ஆயுள்.

சுறாவின் கதை வேறு. எலும்பு மீன்களின் காதுக்குள் உள்ள சிறு கல்லை அறுத்துப் பார்த்தால், மரத்தில் இருப்பதைப் போன்ற ஆண்டு வளையங்கள் தெரியும். சுறாக்கள் குருத்தெலும்பு மீன்கள் என்பதால் அந்தக் கல் அவற்றுக்கு இல்லை. வேறு பல சுறாக்களின் முள்ளெலும்பிலும் துடுப்பு முள்ளிலும் வளையங்களை எண்ண முடியும்; கிரீன்லாந்து சுறாவுக்கோ துடுப்பு முள்ளும் இல்லை, முள்ளெலும்புகளும் வளையம் பதியாத அளவுக்கு மென்மையானவை. ஆகவே நெடுங்காலம் வரை நம்மிடம் இருந்தது ஒரு மறைமுகச் சான்று மட்டுமே: 1936-ல் கிரீன்லாந்துக் கடலில் அடையாள வில்லை பொருத்தி விடப்பட்ட ஒரு சுறா, 16 ஆண்டுகள் கழித்து மீண்டும் பிடிபட்டபோது வெறும் 8 சென்டிமீட்டர்தான் வளர்ந்திருந்தது. ஐந்து மீட்டர் நீளம் வரை வளரும் ஒரு மீன் ஆண்டுக்கு அரை சென்டிமீட்டர் வளர்கிறது என்றால் அதன் வயது என்னவாக இருக்கும் என்று கேட்டவர்களுக்கு விடை, 2016-ல் டென்மார்க்கின் ஜூலியஸ் நீல்சன் குழுவினர் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில்தான் கிடைத்தது.

அவர்கள் எடுத்துக்கொண்டது கண்ணின் வில்லையை. வில்லையின் நடுக்கருவில் உள்ள புரதங்கள், சுறா தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவானவை. வாழ்நாள் முழுவதும் அவை புதுப்பிக்கப்படுவதே இல்லை. அந்த நடுக்கருவில் உள்ள கதிரியக்கக் கார்பனை அளந்தால், சுறா பிறந்த காலத்துக் கடலின் கார்பன் அளவு தெரியவரும். 1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் வளிமண்டலத்தில் கதிரியக்கக் கார்பனைத் திடீரென்று உயர்த்தின. அந்த உயர்வு கடலையும் எட்டியது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 28 பெண் சுறாக்களில் மிகச் சிறியவற்றின் கண்ணில் மட்டுமே அந்தத் தடயம் இருந்தது. மற்றவை அணுயுகத்துக்கு முன் பிறந்தவை. 502 சென்டிமீட்டர் நீளமிருந்த மிகப் பெரிய சுறாவுக்கு வயது 392 என்று கணக்கிட்டு, அதில் 120 ஆண்டுகள் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அவர்களே எல்லையும் குறித்தார்கள். எனவே 'நானூறு' என்பது உறுதியான எண் அன்று. உறுதியாகச் சொல்லக்கூடியது, குறைந்தபட்சக் கணக்கான 272 ஆண்டுகளே அதை முதுகெலும்புள்ள விலங்குகளில் மிக நீண்ட ஆயுள் உடையதாக ஆக்கிவிடுகிறது என்பதுதான்.

கேள்வி: குளிர்ந்த உடலில் எல்லாம் மெதுவாக நடப்பதால் சுறாவுக்கு ஆயுள் கூடுதல் என்று ஒரு காணொளியில் கேட்டேன். அப்படியானால் சூடான உடலும் ஓயாத சுறுசுறுப்பும் கொண்ட கிளி சீக்கிரமே இறந்துவிட வேண்டுமே?
– விலங்கியல் மாணவி, பாளையங்கோட்டை

பதில்: மிகச் சரியான இடத்தில் கேள்வியை வைத்திருக்கிறீர்கள். நிதானமே நீண்ட ஆயுளுக்குக் காரணம் என்ற விளக்கத்தில் பாதி உண்மை இருக்கிறது. கிரீன்லாந்து சுறா பெரும்பாலும் உறைநிலையை ஒட்டிய குளிர்நீரில் வாழ்கிறது. அதன் உடல் வெப்பமும் சுற்றியுள்ள நீரின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றே. நார்வேயின் சுவால்பார் தீவுகளுக்கு அருகே கருவி பொருத்தி அளந்தபோது அது வினாடிக்குச் சராசரியாக 34 சென்டிமீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 1.2 கிலோமீட்டர் வேகத்தில்தான் நீந்தியது. வால் ஒருமுறை இடமும் வலமும் சென்று திரும்ப ஏறக்குறைய ஏழு வினாடிகள் ஆயின. தவழும் குழந்தையும் அதை முந்திவிடும்.

இரை விஷயத்தில் இந்த நிதானம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 224 கிலோ எடையுள்ள ஒரு கிரீன்லாந்து சுறா உயிர் வாழ நாளொன்றுக்கு 61 முதல் 193 கிராம் வரை இரை போதும் என்று 2020-ல் ஓர் ஆய்வு கணித்தது. ஒரு கிலோ எடையுள்ள மக்காவும் நாளொன்றுக்கு ஏறத்தாழ அதே அளவு விதையும் பழமும் தின்கிறது. எடையில் இருநூறு மடங்குக்கு மேல் வேறுபட்ட இரண்டு உயிர்களுக்கு அன்றாடத் தேவை கிட்டத்தட்ட ஒன்றாக அமைவது, இந்த ஒப்பீட்டிலேயே என்னை மிகவும் வியக்க வைக்கும் செய்தி. காரணம் எளியது: மக்காவ் தன் உடலை எப்போதும் 40 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும், பறக்க வேண்டும், காட்டில் எந்த மரம் எப்போது காய்க்கும் என்று நினைவில் வைத்துத் தேட வேண்டும்.

இனி உங்கள் கேள்வியின் கூர்மையான பகுதிக்கு வருவோம். ஓர் இனம் நீண்ட ஆயுளை நோக்கிப் பரிணமிக்க வேண்டுமானால், உடல் மெதுவாக இயங்குவதைவிட முக்கியமானது, முதுமை வருவதற்கு முன்பே பிறவற்றுக்கு இரையாகிவிடாமல் இருப்பது. எலி இரண்டு ஆண்டுக்குள் எப்படியும் ஆந்தைக்கோ பாம்புக்கோ இரையாகிவிடும் என்றால், அதன் உடல் முப்பது ஆண்டு பழுதுபார்த்துக் கொள்வதற்கான ஏற்பாட்டைச் செய்துகொள்ள இயற்கைத் தேர்வில் காரணம் ஏதும் இல்லை. சுறா அந்த ஆபத்தைத் தன் உருவத்தாலும், தன்னை உண்ணக்கூடியவை அரிதாக உள்ள ஆழத்தாலும் தவிர்க்கிறது. கிளி அதைச் சிறகாலும் அறிவாலும் தவிர்க்கிறது. நான் மேலே சொன்ன 2022-ஆம் ஆண்டு ஆய்வும், உடல் அளவோடு ஒப்பிடுகையில் மூளை பெரிதாக உள்ள கிளி இனங்கள் நீண்ட காலம் வாழ்கின்றன என்றே கண்டது. மக்காவின் மூளை சிறியதுதான். ஆனால் அதில் நரம்பணுக்கள் மிக நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சிவப்பு மக்காவின் நெருங்கிய உறவான நீல மஞ்சள் மக்காவின் 20 கிராம் மூளையில் ஏறத்தாழ 300 கோடி நரம்பணுக்கள் இருப்பதாக 2016-ல் எண்ணிக் கண்டார்கள். ஆகவே ஒன்று செலவைக் குறைத்தும், மற்றது வரும் ஆபத்தை அறிந்து விலகியும் நெடுநாள் வாழ்கின்றன. 'மெதுவாக வாழ்ந்தால் நெடுங்காலம் வாழலாம்' என்பது சுறாவுக்குப் பொருந்தும்; உயிரினங்கள் அனைத்துக்குமான விதி ஆகாது.

கேள்வி: சுறாவுக்கு எலும்பே இல்லை, கிளிக்கு எலும்பு உண்டு, ஆனால் உள்ளே வெறுமை. இரண்டுமே எடையைக் குறைக்கும் உத்திதானா?
– பள்ளி ஆசிரியை, மதுரை

பதில்: ஆம், ஆனால் எடை குறைவதால் இரண்டுக்கும் கிடைக்கும் பயன் ஒன்றல்ல. பெரும்பாலான எலும்பு மீன்களின் வயிற்றுக்குள் காற்றுப்பை ஒன்று இருக்கும். அது மீனை நீரில் மிதக்க வைக்கும். சுறாக்களுக்கு அது கிடையாது. எலும்பைவிட எடை குறைந்த குருத்தெலும்பு ஓரளவு உதவுகிறது. ஆனால் பெரும் பங்கு ஈரலுக்கு உரியது. ஆழ்கடல் சுறாக்களின் ஈரல் உடலறையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். அதில் நிறைந்துள்ள எண்ணெய் நீரைவிட இலேசானது. காற்றுப்பையில் உள்ள காற்று ஆழத்தின் அழுத்தத்தில் நசுங்கிச் சுருங்கும், எண்ணெய் அப்படிச் சுருங்காது. எனவே நூறு மீட்டரிலிருந்து ஆயிரம் மீட்டருக்கு இறங்கினாலும் சுறாவின் மிதப்பில் பெரிய மாற்றம் இருக்காது. மிதப்பதற்காகத் துடித்துக்கொண்டிருக்க வேண்டிய தேவை இல்லை என்பதும் அதன் சிக்கனத்தின் ஒரு பகுதியே.

கிளியின் எலும்புக்குள் இருப்பது வெறுமை அன்று, காற்று. பறவையின் நுரையீரலோடு இணைந்த காற்றறைகள் சில எலும்புகளுக்குள்ளும் நீண்டு செல்கின்றன; உள்ளே குறுக்குச் சட்டங்களைப் போன்ற மெல்லிய தாங்கிகள் எலும்பை வளையாமல் காக்கின்றன.

வாயைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் சுவையானது. கிரீன்லாந்து சுறாவின் மேல் தாடைப் பற்கள் ஊசி போல் மெலிந்து கூர்மையானவை. கீழ்த் தாடைப் பற்கள் அகன்று, ஒன்றோடொன்று நெருங்கி, பக்கவாட்டில் சாய்ந்து, ஒரே வெட்டுவிளிம்பாக அமைந்தவை. மேற்பற்களால் இரையைக் குத்திப் பிடித்துக்கொண்டு, தலையைச் சுழற்றி, கீழ்ப்பற்களால் வட்டமாகச் சதையை அறுத்தெடுக்கும். மக்காவுக்குப் பல்லே இல்லை. மனிதரில் மேல் தாடை மண்டையோட்டோடு அசையாமல் ஒட்டியிருக்கிறது. கிளியின் மேல் அலகோ நெற்றியருகே கீல் போன்ற மூட்டில் தனியே அசையக்கூடியது. மேல் அலகின் உட்புறத்தில் குறுக்கு வரிகள் உண்டு. தடித்த நாக்கால் கொட்டையை உருட்டி, வழுக்காதபடி அந்த வரிகளில் பொருத்தி, கீழ் அலகின் விளிம்பால் அழுத்தும். அந்த நேரத்தில் ஒரு காலால் கிளையைப் பற்றி, மறு காலால் காயைப் பிடித்திருக்கும். முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல் என்ற அமைப்பு இந்தப் பிடிக்குப் பெரிதும் உதவுகிறது.

கேள்வி: அந்தச் சுறாவின் கறி நஞ்சு என்றும், மக்காவ் நஞ்சுள்ள விதைகளைத் தின்னும் என்றும் எழுதியிருந்தீர்கள். விளக்க முடியுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: சுறாவின் உடலில் யூரியாவும் டிரைமெத்திலமீன் ஆக்சைடு என்ற பொருளும் மிகுதியாக உள்ளன. கடல்நீரின் உப்புச் செறிவுக்கு ஈடுகொடுக்க யூரியா உதவுகிறது. அந்த யூரியா புரதங்களைக் குலைத்துவிடாமலும், ஆழ்கடலின் அழுத்தம் அவற்றின் வடிவத்தைக் கெடுத்துவிடாமலும் காப்பது இரண்டாவது பொருள். சுறாவுக்குக் காவலாக இருக்கும் அதே பொருள், அந்தக் கறியைப் பச்சையாகத் தின்பவரின் குடலில் டிரைமெத்திலமீனாக மாறி, மிகையாகக் குடித்தவரைப் போலத் தள்ளாட வைக்கும். ஐஸ்லாந்து மக்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கறியைச் சரளைமண் குழியில் புதைத்து, மேலே கல் ஏற்றி, வாரக் கணக்கில் புளிக்கவிட்டு, பிறகு காற்றோட்டமான கொட்டகையில் மாதக் கணக்கில் தொங்கவிடுவார்கள். 'ஹாகார்ல்' என்று பெயர் பெற்ற இந்த உணவு அம்மோனியா நெடி வீசும். மேலே கட்டும் பழுப்பு நிற ஓட்டைச் சீவிவிட்டு உள்ளே இருப்பதைச் சிறு துண்டுகளாக உண்பார்கள்.

மக்காவ் மற்றப் பறவைகள் தொடாத பழுக்காத காய்களையும் கசப்பு விதைகளையும் தின்னக்கூடியது. பழுப்பதற்கு முன்பே தின்பதால் அதற்குப் போட்டி குறைவு. தென்கிழக்குப் பெருவின் தம்போபாதா ஆற்றங்கரையில் மக்காவ்கள் கூட்டமாக வந்து மண் சரிவில் தொற்றிக்கொண்டு களிமண்ணைத் தின்னும் காட்சி உலகப் புகழ் பெற்றது. களிமண் விதைகளின் நஞ்சை உறிஞ்சிக்கொள்கிறது என்பது முதலில் சொல்லப்பட்ட விளக்கம். பின்னர் அங்கே ஆண்டுக்கணக்கில் நடந்த ஆய்வுகள், பறவைகள் தேர்ந்தெடுக்கும் மண்ணில் சோடியம் மிகுதி என்பதைக் காட்டின. கடலிலிருந்து வெகு தொலைவில், மழை ஓயாமல் உப்பைக் கழுவிச் செல்லும் அந்தக் காட்டில் உப்பு அரிய பொருள். எனக்கு இரண்டாவது விளக்கமே வலுவானதாகத் தோன்றுகிறது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கத் தடையில்லை.

கேள்வி: கிரீன்லாந்து சுறாவுக்குக் கண் தெரியாதா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: குருடு என்று முழுமையாகச் சொல்வதற்கில்லை. அதன் கண்ணில் ஓர் ஒட்டுண்ணி தொங்கிக்கொண்டிருப்பதைப் பல படங்களில் பார்க்கலாம். சில சென்டிமீட்டர் நீளமுள்ள, வெளிறிய நூல் போன்ற அந்த உயிர், இறாலுக்குத் தூரத்து உறவான கோப்பிபாடு வகையைச் சேர்ந்தது. கண்ணின் முன்படலத்தைத் துளைத்துப் பற்றிக்கொண்டு அங்கேயே வாழ்வதால் படலத்தில் வடு விழுந்து பார்வை மங்குகிறது. ஆயினும் இருண்ட நீரில் சுறாவுக்கு மோப்பமும், பிற உயிர்களின் தசை இயங்கும்போது எழும் நுண்ணிய மின்புலத்தை உணரும் மூக்கு முனைத் துளைகளும் துணை நிற்கின்றன. 1678-ல் ஸ்டெஃபானோ லொரென்சினி என்ற இத்தாலியர் விரிவாக விவரித்த அந்தத் துளைகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. கிளிக்கு நிலைமை நேர்மாறு. நம் கண்ணில் வண்ணம் அறியும் கூம்பு அணுக்கள் மூன்று வகை. பறவைகளில் நான்கு வகை. புற ஊதாக் கதிரையும் காணும் மக்காவுக்குத் தன் துணையின் இறகு, நமக்குத் தெரியும் சிவப்பாக மட்டும் தெரிவதில்லை.

கேள்வி: அந்தச் சிவப்பு நிறம் தின்னும் பழத்திலிருந்து வருகிறதா?
– ஏழாம் வகுப்பு மாணவன், கோயம்புத்தூர்

பதில்: இல்லை தம்பி. பூநாரை போன்ற பறவைகள்தாம் உணவிலிருந்து நிறத்தைப் பெறுகின்றன. கிளிகள் தமக்கே உரிய சிவப்பு, மஞ்சள் நிறமிகளைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன; வேறு எந்தப் பறவைக் குடும்பத்திலும் அந்த நிறமிகள் இல்லை. இறக்கையின் நீலத்துக்கு நிறமியே கிடையாது. இறகின் நுண் அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றும் நிறம் அது. மஞ்சள் நிறமியும் அந்த நீலமும் சேரும் இடத்தில் பச்சை தெரியும். சுறாவின் உடல் சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரே நிறம்; வெளிச்சம் எட்டாத ஆழத்தில் அதற்கு அதுவே போதும்.

கேள்வி: ஒன்று பனிக்கடலில், மற்றொன்று வெப்பக் காட்டில். இவை இரண்டும் ஒரே நாட்டில் இருக்க வாய்ப்பே இல்லை அல்லவா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: இருக்க வாய்ப்பில்லை என்றுதான் 2022 வரை யாரும் சொல்லியிருப்பார்கள். அந்த ஆண்டு நடு அமெரிக்காவின் பெலீசு நாட்டில், குளோவர்ஸ் ரீஃப் என்ற பவளத்தீவு வளையத்துக்கு அருகே, புளோரிடா பன்னாட்டுப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவி ஒருவர் உள்ளூர் மீனவர்களுடன் சேர்ந்து புலிச்சுறாக்களுக்கு அடையாளக் கருவி பொருத்திக்கொண்டிருந்தார். அவர்கள் இரவில் போட்டிருந்த தூண்டில் கயிறு ஆழமான பகுதிக்கு நகர்ந்துவிட்டது. இழுத்தபோது வந்தது புலிச்சுறா அன்று. மழுங்கிய முகமும், கருத்த உடலும், வெளிறிய நீலக் கண்களும் கொண்ட, மிக மெதுவாக அசையும் ஒரு பெரிய மீன். அனுபவம் மிக்க மீனவர்களே அதுவரை அப்படியொன்றைப் பார்த்ததில்லை. படங்களைப் பார்த்த வல்லுநர்கள் அதை உறங்கு சுறாக் குடும்பத்தைச் சேர்ந்ததாகவும், பெரும்பாலும் கிரீன்லாந்து சுறாவாகவோ, பசிபிக் உறங்கு சுறாவோடு கலந்த கலப்பினமாகவோ இருக்கும் என்றும் கருதினார்கள். அதை அப்போதே உயிருடன் கடலில் விட்டுவிட்டார்கள்.

வெப்ப மண்டலத்துக்கு அது எப்படி வந்தது என்பதில் மர்மம் அதிகம் இல்லை. பவளப்பாறையின் வெளிவிளிம்பில் கடல் செங்குத்தாகச் சரிந்து ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. மேலே வெதுவெதுப்பான நீர் இருந்தாலும் அடியில் ஓடுவது குளிர்நீர்தான். அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால், 1857-ல் மூழ்கிய 'சென்ட்ரல் அமெரிக்கா' கப்பலின் சிதைவுக்கு அருகே சுமார் 2,200 மீட்டர் ஆழத்தில் ஒரு கிரீன்லாந்து சுறா 1988-லேயே படம் பிடிக்கப்பட்டது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், அது வெறும் வடகடல் மீன் அன்று, குளிர்நீர் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் செல்லக்கூடிய ஆழ்கடல் மீன் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. அதே பெலீசின் மேற்குப் பகுதியில் உள்ள சிக்கிபுல் காட்டில் சிவப்பு மக்காவ்கள் குவாம்வுட் என்னும் உயர்ந்த மரங்களின் பொந்துகளில் கூடு வைக்கின்றன. கரையிலிருந்து வண்டியில் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய தொலைவுதான்.

கேள்வி: எங்கள் பக்கத்திலும் ஆழ்கடல் சுறாவை ஈரல் எண்ணெய்க்காகப் பிடிப்பதுண்டு. பெரிய கடலில் நூறோ ஆயிரமோ பிடித்தால் குறைந்துவிடுமா? கிளிக்கும் இந்த ஆபத்து உண்டா?
– மீனவர், தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: தூத்தூர் மீனவர்கள் கரையை விட்டு வெகு தொலைவு சென்று சுறா பிடிப்பதில் பேர்பெற்றவர்கள், ஆகவே உங்களிடம் மறைக்காமல் சொல்வதே முறை. ஆழ்கடல் சுறாவைப் பொறுத்தவரை, குறைந்துவிடும் என்பதுதான் பதில். மத்தியும் அயிரையும் ஓராண்டு இரண்டாண்டில் முட்டையிட்டுப் பெருகும். கிரீன்லாந்து சுறாவின் பெண் நான்கு மீட்டர் நீளத்தைத் தாண்டிய பிறகே குட்டி போடத் தகுதி பெறுகிறது. அதற்கு ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆகின்றன என்று நீல்சன் குழுவின் கணக்கு சொல்கிறது. அதாவது பாரதியார் சிறுவராக இருந்த காலத்தில் பிறந்த ஒரு பெண் சுறா இன்னும் ஒரு குட்டிகூட ஈனாமல் இருக்கலாம். அதை இன்று பிடித்தால், இத்தனை காலம் அது உயிரோடு இருந்ததற்கு இனப்பெருக்கத்தில் பலன் எதுவும் இல்லாமல் போய்விடும். இதைக் கணக்கிட்டுப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

நார்வே, ஐஸ்லாந்து, கிரீன்லாந்து ஆகிய இடங்களில் விளக்கெரிக்கவும் இயந்திரங்களுக்கும் ஈரல் எண்ணெய் வேண்டி இந்தச் சுறாவைப் பெருமளவில் பிடித்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் செயற்கை எண்ணெய்கள் வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. ஆனால் அப்போது குறைந்துபோன எண்ணிக்கை இன்னும் ஈடாகியிருக்காது என்று நம்ப இடமுண்டு, ஏனெனில் அந்தக் காலத்துக்குப் பிறகு பிறந்த பெண் சுறா ஒன்றுகூட இன்னும் தாயாகும் வயதை எட்டவில்லை. இன்றைய ஆபத்து, ஹாலிபட் மீனுக்கும் இறாலுக்கும் போடும் வலைகளிலும் நெடுந்தூண்டில்களிலும் தற்செயலாகச் சிக்குவது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த இனத்தை அழியும் வாய்ப்புள்ளதாக வகைப்படுத்தியிருக்கிறது. வடமேற்கு அட்லாண்டிக் மீன்வள அமைப்பு தன் எல்லைக்குட்பட்ட பன்னாட்டுக் கடலில் இதைக் கரைக்குக் கொண்டுவருவதற்கு 2022-ல் தடை விதித்தது. சிக்கினால் உயிரோடு விட்டுவிடுவது மீனவர் கையில் உள்ள பாதுகாப்பு. மெதுவான இந்தச் சுறா கவனமாகக் கையாளப்பட்டால் பிழைத்துக்கொள்ளும் வாய்ப்பு நல்லது என்பது ஓர் ஆறுதல்.

மக்காவுக்கும் இதே கணக்கு, சிறிய அளவில். ஒரு சோடி ஓர் ஈட்டில் இரண்டு முதல் நான்கு முட்டைகள் இடும். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ குஞ்சுகள்தாம் தேறும். குஞ்சு பறக்க ஏறத்தாழ மூன்று மாதம் ஆகிறது, அந்த மூன்று மாதமும் அது மரப்பொந்தில் கைக்கெட்டும் இரையாக இருக்கிறது. செல்லப் பறவைச் சந்தைக்காக மரமேறிக் குஞ்சைத் திருடுபவர்கள் பெலீசின் சிக்கிபுல் காட்டில் ஆண்டுதோறும் வருகிறார்கள். அதைத் தடுக்கக் காவலர்கள் கூடுள்ள மரத்தடியிலேயே கூடாரம் போட்டுப் பருவம் முழுவதும் தங்குகிறார்கள். அங்கே மக்கால் ஆற்றின் குறுக்கே 2005-ல் கட்டி முடித்த சலீயோ அணையும், மக்காவ்கள் கூடு வைத்த ஆற்றோரக் காட்டின் ஒரு பகுதியை நீரில் மூழ்கடித்தது. அமேசானில் இன்னும் பரவலாக இருப்பதால் இனம் முழுமைக்கும் உடனடி ஆபத்து இல்லை என்றாலும், நடு அமெரிக்காவில் எஞ்சியிருப்பவை சிதறிய சிறு கூட்டங்களே.

கேள்வி: என் அண்ணன் வீட்டில் ஒரு மக்காவ் இருக்கிறது. நம் ஊர்ப் பச்சைக்கிளியைத்தான் வளர்க்கக் கூடாது, வெளிநாட்டுக் கிளிக்குச் சட்டம் ஏதும் இல்லை என்கிறார். சரியா?
– வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: சரியில்லை. நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது உண்மை. ஆனால் 2022-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையான சைட்டீஸின் (CITES) பட்டியல்களில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வெளியாயின. சிவப்பு மக்காவ் அந்த உடன்படிக்கையின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் உள்ளது. நீல மஞ்சள் மக்காவ் இரண்டாம் பட்டியலில் உள்ளது. எந்த மக்காவாக இருந்தாலும் ஒன்றிய அரசின் 'பரிவேஷ்' இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். பறவை இறந்தாலும், குஞ்சு பொரித்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். பறவையை வாங்கியபோது பெற்ற ரசீதையும் பிற ஆவணங்களையும் எடுத்துக்கொண்டு மாவட்ட வன அலுவலகத்தில் நேரில் விசாரிக்கும்படி உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள். பறவைக்கு இப்போது என்ன வயது, அவருக்குப் பிறகு அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் வீட்டில் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. நன்கு பேணப்படும் மக்காவ் ஐம்பது ஆண்டுகளைத் தாண்டியும் வாழக்கூடியது.